மூளை வங்கி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இறந்தவர்களின் மூளையை வாங்கிப் பாதுகாத்து ஆய்வுக்குக் கொடுக்கும் இடம்தான் மூளை வங்கி. மனநோய் ஆய்வுக்கான மூளைத் திசு, ரத்த மாதிரிகள் பற்றி வந்த கேள்விகளில் சில. இந்த மாதிரிகளோடு பல வருடம் புழங்கியவன் என்ற முறையில் பதில்.

கே: பி.எச்டி. முதலாண்டு மாணவன். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆய்வுக்கு மூளைத் திசு வேண்டும். என்ன விலை சார்?

விலைக்கு வாங்கும் பொருள் இல்லை தம்பி. அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள ஸ்டான்லி மருத்துவ ஆய்வு நிறுவனம், தான் சேகரித்த திசுக்களை ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்து வந்தது. அவர்களுடைய ஒரு தொகுப்பில் 60 மூளைகள்: மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு, நோயில்லாதவர் என வகைக்கு 15. விண்ணப்பத்தில் எந்தப் பகுதி, எவ்வளவு, என்ன சோதனை என்று எழுத வேண்டும். பேராசைப்பட்டுக் கேட்டால் கிடைக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய ஒரு விதி. வரும் மாதிரியில் எண் மட்டும்தான் இருக்கும். யாருக்கு என்ன நோய் என்று சொல்ல மாட்டார்கள். அளந்த முடிவை நீங்கள் முதலில் அனுப்ப வேண்டும், விவரம் அதற்குப் பிறகுதான். தேடுவதையே கண் காணும் என்று தெரிந்தவர்கள் போட்ட விதி இது.

இன்னொன்று: திசுவின் அமிலத்தன்மை எவ்வளவு என்ற விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்து இறந்தவரின் மூளையில் அமிலம் ஏறி, ஆர்.என்.ஏ. (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) சிதைந்திருக்கும். அதைக் கவனிக்காவிட்டால், சாவு வந்த விதத்தை நோய் என்று எழுதிவிடுவீர்கள்.

கே: ரத்தம் போதாதா? எதற்கு மூளை?

மரபணுவுக்கு ரத்தம் போதும். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் களஞ்சியத்தில் ரத்த அணுக்களை வளர்த்தே டி.என்.ஏ. எடுத்துப் பகிர்கிறார்கள். ஆனால் மூளைக்குள் எந்த மரபணு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதை ரத்தம் சொல்லாது. மூளைத் திசுவோ வெட்ட வெட்டத் தீரும்.

கே: அண்ணனுக்கு 20 வருடமாக மனச்சிதைவு. அவர் காலத்துக்குப் பின் அவர் மூளையைக் கொடுக்கலாமா? முகம் சிதையுமா?

கேட்கவே மனசு வேண்டும், அம்மா. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. தலைமுடிக்குள் கீறி எடுப்பார்கள், முகம் மாறாது. இறந்த ஒரு நாளுக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் எறியாதீர்கள். பேச்சு எப்போது குறைந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டார், பீடி பழக்கம் உண்டா என்று வீட்டாரிடம் கேட்பார்கள். அந்த விவரம் இல்லாத மூளை ஆய்வுக்குப் பாதிதான் பயன்படும். அண்ணன் தெளிவாக இருக்கும் நாளில் அவரிடமே கேட்டுவிடுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள்.

கே: மூளைகளை வைத்திருக்கும் ஃப்ரீசர் கெட்டுப்போனால்?

கெட்டிருக்கிறது. 2012இல் பாஸ்டன் அருகே ஹார்வர்டின் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் நின்று, ஏறத்தாழ 150 மூளைகள் உருகின. அவற்றில் 54 ஆட்டிசம் ஆய்வுக்கானவை. அலாரம் அடிக்கவில்லை, வெளியே காட்டிய வெப்பநிலை மட்டும் சரியாக இருந்தது.

கே: எனக்கு எந்த நோயும் இல்லை. என் மூளை எதற்கு உதவும்?

ஒப்பிட நோயில்லாத மூளை வேண்டுமே! அதுதான் எளிதில் கிடைப்பதில்லை. பதிவு செய்தால் வீட்டில் சொல்லி வையுங்கள். அன்றைக்கு வங்கிக்குப் போன் போட வேண்டியவர்கள் அவர்கள்தான்.