அந்தமானில் பெருந்தவளை

கேள்வி: நம் வயல்களில் திரியும் மஞ்சள் பெருந்தவளை அந்தமானுக்கு மட்டும் எப்படி ஆபத்தாகும்?

பதில்: அது அந்தத் தீவுகளுக்கு உரியதல்ல. பெருநிலத்திலிருந்து வந்த மீன்குஞ்சுகளோடு கலந்து போய்ப் பரவியது. முதல் மழையிலேயே ஒரே ஈட்டில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இதன் தலைப்பிரட்டை மற்றத் தலைப்பிரட்டைகளைக் கடித்துத் தின்னும். சோதனைத் தொட்டிகளில் இதன் தலைப்பிரட்டைகளோடு சேர்த்து விட்டபோது, சக்ரபாணி குறுவாய்த் தவளை போன்ற தீவுத் தவளைகளின் குஞ்சுகள் பிழைக்கவே இல்லை. வளர்ந்த தவளையோ அரணை, பல்லி, கோழிக்குஞ்சு எதையும் விடாது.

அங்கே மீன் வளர்க்கும் உறவினருக்குச் சொல்லுங்கள்: வாங்கிய குஞ்சுகளை நேரே குளத்தில் கொட்டக்கூடாது. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்க்கட்டும். பக்கத் துடுப்பில்லாமல், உருண்டை உடலோடு வால் மட்டும் நீண்டிருந்தால் அது தலைப்பிரட்டை. பொறுக்கிய தலைப்பிரட்டையை ஓடையில் விடக்கூடாது, விட்டால் காட்டுக்குள் போய்விடும்; மீன்குஞ்சு வந்த பைத் தண்ணீரையும் குளத்திலிருந்து தள்ளிக் காய்ந்த தரையிலேயே ஊற்றவேண்டும்.