காணி உறுதியை ஈடு வைக்க முன்னம்

அம்மா, உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத மகனைத் தனியார் முகாமைத்துவப் பட்டத்துக்குச் சேர்க்க, திருகோணமலை உப்புவெளிக் காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். "பட்டம் இருந்தால் வேலை போகாது" என்று கனடாவிலுள்ள மாமா நெருக்குகிறாராம். உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் மாமாவின் கணக்குப் பிழை. காணியைத் தொடாதீர்கள்.

டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே முதலாளி ஆளை நிறுத்துவது லேசு. ஆனாலும் அங்குள்ளவர்களுக்கு வேலை பற்றிய பயம் குறைவு. வேலையின்மைக் காப்புறுதியில் சேர்ந்தவருக்கு 2 வருடம் வரை கொடுப்பனவும், மறுபயிற்சியும் கிடைக்கும். ஸ்பெயினில் நிரந்தரத் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு அதிகம், ஆனால் தற்காலிக ஒப்பந்தக்காரர் நீண்டகாலம் அந்தரத்திலேயே இருந்தார்கள். அடுத்த சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரிந்தவருக்குத்தான் நித்திரை வரும். நம் இலங்கையில் வேலையின்மைக் காப்புறுதி இல்லை. 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டமும் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொருந்தாது. கடனோடு சின்னக் கம்பனியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மாதச் சம்பளம் நின்றாலே காணி ஆட்டம் காணும்.

மகன் பழைய பிரிட்ஜைக் கழற்றிப் பார்ப்பவன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதைத்தான் பிடிக்க வேண்டும். குளிரூட்டல், ஏசி தொழிலில் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) 4ஆம் நிலை எடுக்கட்டும். நிலாவெளி ஹோட்டல்கள், ஐஸ் ஆலைகள், மீன் குளிர் அறைகள் என்று ஒருவர் விட்டால் இன்னொருவர் கூப்பிடுவார். கடல் உப்பு, ஏசியின் வெளியே பொருத்தும் யூனிட்டின் அலுமினியத் தகடுகளை அரிப்பதால் இங்கே திருத்த வேலை ஓயாது.

நுட்பம் நிறைந்த தொழில் இது. செப்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைதரசன் ஓடாவிட்டால் கருஞ்செதில் படிந்து நுண்குழாய் அடைபடும். குளிரூட்டும் காஸ் ஏற்றமுன் வக்கியூம் பம்பால் உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரோன் (மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இறக்கி, பம்பை நிறுத்திப் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் கசிவோ ஈரமோ இருக்கிறது. அந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரைக் கெடுக்கும். ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் காஸ் கலவை வாயு என்பதால் அதைத் திரவமாகவே ஏற்ற வேண்டும். ஆர்-32 என்ற காஸ் தீப்பற்றக்கூடியது. கழற்றிப் பார்க்கும் ஆசை உள்ள பிள்ளைக்கு இதெல்லாம் சலிக்காது. என்.வி.கியூ 5, 6, பட்டத்துக்குச் சமமான 7 என்று பிறகு படித்தும் ஏறலாம்.

சேர்க்கமுன் நிலையத்துக்கு மகனோடு நேரில் போங்கள். பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, வேலைத்தளப் பயிற்சி எத்தனை மாதம் என்று கேளுங்கள். பற்றவைக்கும் டோர்ச்சை ஒவ்வொரு பிள்ளையும் கையில் பிடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கரும்பலகையில் மட்டும் படித்தவனை எந்த ஹோட்டலும் தனியே மாடிக்கு அனுப்பாது. காஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட், வக்கியூம் பம்ப் முதல் நாளே வாங்க வேண்டாம். பயிற்சி முடிகிற நேரம் மாமா அதற்கு உதவட்டும்.