விளம்பரத்துக்குக் கட்டிய பணம் எங்கே போகிறது? (கேள்வி-பதில்)

சமூக ஊடகங்களிலும் இணையத்திலும் விளம்பரம் கொடுக்கும் சிறு தொழில்முனைவோரிடமிருந்து இம்முறை கேள்விகள் அதிகம் வந்துள்ளன. தொழில் நடத்துபவர் தம்மை விற்பவராகவே எண்ணிப் பழகியவர். ஆனால் விளம்பரத்தை வாங்கும்போது அவரும் ஒரு நுகர்வோர்தான். காய்கறியை நிறுத்து வாங்குவதுபோல் அதையும் நிறுத்து வாங்க வேண்டும். அந்தக் கோணத்திலேயே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் மரச்சாமான்கள் செய்து விற்கிறேன். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடும் படங்களை இரண்டு மாதங்களாகப் பணம் கட்டி 'பூஸ்ட்' செய்து, அதாவது கூடுதல் பேரிடம் காட்டச் செய்து, வருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் ஆயிரக்கணக்கில் லைக் விழுகிறது. ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. குறை படத்திலா, விலையிலா?

பதில்: படத்தையும் விலையையும் சந்தேகிப்பதற்கு முன்னால், பணம் கட்டியபோது நீங்கள் கேட்டு வாங்கியது என்ன என்பதைப் பாருங்கள். பூஸ்ட் பொத்தானை அழுத்தியதும் விளம்பரத்தின் நோக்கம் என்னவென்று ஒரு கேள்வி திரையில் வரும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே 'ஈடுபாடு' என்று இருந்தால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்கள் யார் யார் என்று தேடிப் பிடித்து அவர்களிடமே ஃபேஸ்புக்கின் கணினி அமைப்பு உங்கள் கட்டிலையும் அலமாரியையும் காட்டும். அவர்கள் அழகான படம் எதைக் கண்டாலும் விரலால் தட்டிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள். வீட்டுக்குக் கட்டில் தேடிக்கொண்டிருப்பவர்கள் அல்லர். லைக் கேட்டீர்கள், லைக் கிடைத்தது. ஆகவே இதை மோசடி என்று சொல்வதற்கில்லை.

'இத்தனை பேர் பார்த்தார்கள்' என்ற எண்ணையும் அளவோடுதான் நம்ப வேண்டும். ஒரு விளம்பரம் பார்வைக்கு வந்தது என்று கணக்கிட விளம்பரத் துறை வைத்திருக்கும் அளவுகோலின்படி, அதன் பரப்பில் பாதி ஒரு நொடி திரையில் தெரிந்தால் போதும். வீடியோவுக்கு இரண்டு நொடி. அளக்கும் முறையிலேயே பிழை நேர்வதும் உண்டு. மூன்று நொடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால், வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரத்தை இரண்டு ஆண்டுகளாகக் கூடுதலாகக் காட்டிவந்ததை ஃபேஸ்புக் நிறுவனமே 2016இல் ஒப்புக்கொண்டது.

உங்களுக்கு வேண்டியது வாங்க நினைப்பவர்களின் விசாரணைகள். எனவே பூஸ்ட் பொத்தானை விட்டுவிட்டு, விளம்பர மேலாளர் எனப்படும் முழுமையான பக்கத்துக்குப் போய், வாட்ஸ்அப் செய்தி, தொலைபேசி அழைப்பு, படிவம் நிரப்புதல் ஆகியவற்றில் உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் ஒன்றை நோக்கமாக வைத்துப் பாருங்கள். லைக் எண்ணிக்கை சட்டென்று விழும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். விளம்பரத்தைத் தினமும் திருத்திக்கொண்டும் இருக்க வேண்டாம். யாரிடம் காட்டினால் பலன் கிடைக்கும் என்பதை அந்த அமைப்பு கற்றுக்கொள்ள வாரத்துக்கு ஏறத்தாழ 50 பலன்கள் (நீங்கள் நோக்கமாக வைத்த செய்தி, அழைப்பு போன்றவை) தேவை என்று ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் சொல்கிறது. பெரிய மாற்றம் ஒன்றைச் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் கற்றல் முதலிலிருந்து தொடங்குகிறது. சிறிய பட்ஜெட்டை ஐந்தாறு விளம்பரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் எந்த ஒன்றும் அந்த அளவை எட்டாது. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கணக்கை நீங்களே எழுதி வைக்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டு, தேதி, பதில், வாங்கினாரா இல்லையா என்று மூன்றே நெடுவரிசைகளில் குறியுங்கள். விளம்பரத்தை 10,000 பேர் பார்த்து, 150 பேர் சொடுக்கி, 12 பேர் விசாரித்து, 3 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் அறிக்கை செலவை 150ஆல் வகுத்து, 'ஒரு கிளிக்குக்கு இவ்வளவுதான்' என்று மிகச் சிறிய தொகையைக் காட்டும். உங்கள் நோட்டுப் புத்தகமோ அதே செலவை 3ஆல் வகுக்கும். விடை 50 மடங்கு பெரிதாக இருக்கும். ஒரு விற்பனையில் உங்களுக்கு நிற்கும் லாபத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது தொகையைத்தான்.

கேள்வி: பத்தாயிரம் ஃபாலோயர்களை ஒரே வாரத்தில் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கூட்டம் இருப்பதைப் பார்த்தால் மற்றவர்களும் வருவார்கள் அல்லவா?

பதில்: வேண்டாம். அப்படி வருபவை பெரும்பாலும் ஆளில்லாத கணக்குகள். அவை எதையும் வாங்கா; அதைவிட, உங்கள் பதிவு எப்படிப்பட்டவர்களுக்குப் பிடிக்கிறது என்று கணிக்கும் அமைப்பையும் குழப்பிவிடும். இது ஏமாற்று என்பதும் நிலைபெற்ற விஷயம். போலி ஃபாலோயர்களை விற்றுவந்த டெவுமி என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து 2019இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. வணிக ஆதாயத்துக்காகப் போலி ஃபாலோயர்களை வாங்குவதையும் விற்பதையும் 2024இல் விதி எழுதியே தடை செய்தது. விற்பவரோடு வாங்குபவரும் அந்த விதிக்குள் வருகிறார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் என்னுடையது. கூகுள் தேடலில் விளம்பரம் கொடுக்கிறேன். பெரிய நிறுவனங்கள் ஏலத்தில் பணத்தைக் கொட்டும்போது எனக்கு இடம் கிடைக்குமா? வரும் அழைப்புகளிலும் பாதிக்கு மேல் எனக்குச் சம்பந்தமில்லாதவையாக இருக்கின்றன.

பதில்: இடம் கிடைக்கும். தேடல் விளம்பரத்தை ஏலம் விடும் வழக்கத்தை 1998இல் கோடூ என்ற நிறுவனம் தொடங்கியபோது, அதிகம் கேட்டவருக்கே முதல் இடம் என்பதுதான் முறை. 2000இல் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002இல் கேட்கும் தொகையோடு விளம்பரத்தைச் சொடுக்குபவர்களின் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. இன்று தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், சொடுக்கியபின் திறக்கும் பக்கத்தின் தரம் ஆகியவையும் அதில் அடங்கும். இவற்றின் அடிப்படையில் ஒவ்வொரு தேடுசொல்லுக்கும் (எதைத் தேடுபவருக்கு விளம்பரம் தெரிய வேண்டும் என்று நீங்கள் குறித்த சொல்) 1 முதல் 10 வரை தர மதிப்பெண் ஒன்றை உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். மேலும், நீங்கள் கேட்ட உச்சத் தொகை முழுவதும் எப்போதும் வசூலிக்கப்படுவதில்லை. உங்களுக்குக் கிடைத்த இடத்தைத் தக்கவைக்கத் தேவையான தொகைதான் பெரும்பாலும் எடுக்கப்படும். 'எல்லா வகைச் சேவைகளும் செய்து தரப்படும்' என்று பொதுவாக எழுதும் பெரிய நிறுவனத்தைவிட, 'குளிர்சாதனப் பெட்டி பழுது, வீட்டுக்கே வந்து பார்ப்போம்' என்று தேடியவரின் சொல்லிலேயே எழுதும் சிறியவர் குறைந்த தொகையில் மேலே வர முடியும் என்பது இதனால்தான்.

சம்பந்தமில்லாத அழைப்புகளுக்குக் காரணம் தெரிய வேண்டுமானால், கணக்கில் உள்ள 'தேடல் சொற்கள்' அறிக்கையைத் திறந்து பாருங்கள். நீங்கள் வாங்கிய சொல் வேறு, மக்கள் உண்மையில் தட்டிய சொல் வேறு; இந்த அறிக்கை காட்டுவது இரண்டாவதை. உங்களைப் போலவே தொழில் செய்யும் ஒருவருடன் அமர்ந்து அதை வரிவரியாக ஒருமுறை படித்தேன். 'குளிர்சாதனப் பெட்டி பழுது பயிற்சி வகுப்பு', 'பழைய குளிர்சாதனப் பெட்டி விற்பனைக்கு', 'பழுதுபார்ப்பவர் வேலை காலியிடம்', 'நாமே பழுது பார்ப்பது எப்படி' என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அத்தனைக்கும் அவர் பணம் கட்டியிருந்தார். பயிற்சி, வேலை, விற்பனை, எப்படி என்ற சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்த்துவிட்டால், அவை வரும் தேடல்களில் விளம்பரம் தோன்றாது. விலக்குச் சொல்லில் ஒருமையையும் பன்மையையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் மற்றதை அது தானாக எடுத்துக்கொள்ளாது. முதல் மாதம் வாரம் ஒருமுறை இந்தக் களையெடுப்பைச் செய்தே ஆக வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியிலும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அங்கே முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பது 'அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது அதில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பது. நேரில் போய் வேலை செய்யும் உங்களுக்கு, எங்கோ இருந்துகொண்டு உங்கள் ஊரைப் பற்றித் தேடுபவரால் பயனில்லை. 'இருப்பவர்கள்' என்பதை மட்டும் குறியுங்கள்.

உங்கள் தொழிலின் பெயரையே தேடுசொல்லாக வாங்கியிருந்தால் அதையும் யோசியுங்கள். 2012இல் ஈபே என்ற இணைய விற்பனை நிறுவனம் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் தன் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. அவற்றின் வழியே வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் காசில்லாத சாதாரணத் தேடல் முடிவின் வழியாகவே வந்து சேர்ந்தார்கள். ஈபே பலரும் அறிந்த பெயர் என்பதால் எல்லோருக்கும் இது அப்படியே பொருந்திவிடாது. ஆனால் இரண்டு வாரம் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தில் அழைப்புகள் குறைகின்றனவா என்று பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

கேள்வி: ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கூகுளில் வரம்பு வைத்தேன். ஒரே நாளில் ஏறத்தாழ இரு மடங்கு எடுத்துவிட்டார்கள். புகார் கொடுக்கலாமா?

பதில்: அவர்களுடைய விதியே அதை அனுமதிக்கிறது. நீங்கள் கொடுப்பது சராசரி நாள் வரம்பு. தேடல் அதிகமுள்ள நாளில் அதன் இரு மடங்கு வரை செலவாகலாம். மாதம் முழுவதற்கும் அந்த வரம்பின் 30.4 மடங்கைத் தாண்டி வசூலிப்பதில்லை. ஆகவே மாதக் கணக்கைப் பாருங்கள். அதுவும் மீறியிருந்தால் கேளுங்கள்.

கேள்வி: ஓராண்டாக ஏஜென்சி ஒன்று எங்கள் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்கிறது. மாதந்தோறும் ஒரே தொகையாகப் பில் அனுப்புகிறார்கள். அதில் விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு, அவர்களுடைய கூலி எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. விலகிக்கொள்ள நினைத்தால், 'கணக்கு எங்களுடையது, தர முடியாது' என்கிறார்கள். இது முறையா?

பதில்: முறையில்லை. எனக்கு வரும் புகார்களில் மிகவும் வருந்தவைப்பது இந்த வகைதான். ஓராண்டாக எந்த விளம்பரத்துக்குப் பலன் கிடைத்தது, எந்தச் சொல் விசாரணையைக் கொண்டுவந்தது, தளத்துக்கு வந்துபோனவர்கள் பட்டியல் என்று அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பது அத்தனையும் உங்கள் பணத்தில் விளைந்தது. அதை விட்டுவிட்டு வெளியேறினால் மறுபடி வெறுங்கையோடு தொடங்க வேண்டியிருக்கும்.

கூகுள் விளம்பரத்தைப் பொறுத்தவரை உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. பிறருக்காக விளம்பரக் கணக்கை நடத்தும் ஏஜென்சிகளுக்கு அந்த நிறுவனம் தனியே கொள்கை வகுத்துள்ளது. செலவு, கிளிக், விளம்பரம் தோன்றிய எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வாடிக்கையாளர் அறியத் தர வேண்டும்; நிர்வாகக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; கேட்டால் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பவை அதில் உள்ளன. இம்மூன்றையும் தேதியிட்ட மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டதற்குச் சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் கூகுளிடமே புகார் செய்ய வழியுண்டு. ஒப்பந்தத்தை எடுத்து, கணக்கு யாருக்குச் சொந்தம் என்று ஏதேனும் எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபேஸ்புக் பக்கத்தின் அமைப்புகளுக்குச் சென்று, முழுக் கட்டுப்பாடு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றே சரிபாருங்கள். இருந்தால், ஏஜென்சியின் அணுகலை நீங்களே நீக்கலாம். ஆனால் அறிக்கைகளையும் படங்களையும் இறக்கிச் சேமித்த பிறகே நீக்குங்கள்.

அடுத்த ஏஜென்சியிடம் போகும்போது வரிசையை மாற்றுங்கள். கணக்கை முதலில் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கி அட்டையில் நீங்களே தொடங்கி, அவர்களுக்கு வேலை செய்யும் அணுகலை மட்டும் கொடுங்கள். கூகுளில் அவர்களுடைய மேலாளர் கணக்கோடு உங்கள் கணக்கை இணைக்கலாம். மெட்டாவில் பங்காளர் அணுகல் தரலாம். கடவுச்சொல்லை யாருக்கும் தர வேண்டிய தேவையே இல்லை. இதற்கு மறுப்புச் சொல்லும் ஏஜென்சியோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அவர்கள் இதுவரை செய்த வேலையைக் காட்டச் சொல்லிவிட்டு, மெட்டாவின் விளம்பர நூலகத்திலும் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்திலும் அந்த வாடிக்கையாளர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டும் யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. போட்டியாளர்கள் என்ன விளம்பரம் செய்கிறார்கள் என்பதையும் அங்கேயே காணலாம். மெட்டா நூலகம் ஒவ்வொரு விளம்பரமும் தொடங்கிய தேதியைக் காட்டுகிறது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் விளம்பரம் பெரும்பாலும் பலன் தருவதாகத்தான் இருக்கும்.

கேள்வி: 'உங்கள் பக்கம் விதிமீறல் செய்துள்ளது, 24 மணி நேரத்தில் நிரந்தரமாக நீக்கப்படும்' என்று மெட்டா ஆதரவுக் குழுவின் பெயரில் மெசஞ்சரில் செய்தி வந்தது. கூடவே ஓர் இணைப்பும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இணைப்பைத் தொடாதீர்கள். விளம்பரம் கொடுப்பவர்களின் கணக்கில் வங்கி அட்டை இணைந்திருக்கும் என்பதால் அவர்களைக் குறிவைத்தே அனுப்பப்படும் செய்தி இது. உண்மையான விதிமீறல் ஏதேனும் இருந்தால் அது உங்கள் கணக்கின் உள்ளேயே, பக்கத்தின் நிலை பற்றிய பகுதியில் தெரியும்; செயலியைத் தனியே திறந்து அங்கே போய்ப் பாருங்கள். ஏற்கெனவே சொடுக்கிக் கடவுச்சொல்லைத் தந்திருந்தால், உடனே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். நிர்வாகிகள் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் ஏறியிருந்தால் நீக்குங்கள். வங்கியை அழைத்து அந்த அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள்; கணக்கைக் கைப்பற்றியவர்கள் உங்கள் செலவில் தங்கள் விளம்பரத்தை ஓட்டத் தொடங்க அதிக நேரம் ஆவதில்லை.