ஆட்டுப்பட்டிக்கும் தோப்புக்கும் எந்த நாய்? கேள்வி பதில்

ஆடு, கோழி, தோப்பு வைத்திருப்பவர்கள் நாய் வாங்கும் முன் கேட்டவை இவை. இனத்தின் பெயரைவிட, நாய்க்கு என்ன வேலை என்பதைத்தான் முதலில் பார்த்திருக்கிறேன்.

ஐயா, நாற்பது வெள்ளாடு வைத்திருக்கிறேன். ராத்திரியில் நரியும் தெருநாய்க் கூட்டமும் வந்து குட்டிகளைக் கடித்துப் போட்டுவிடுகின்றன. கோம்பை வாங்கலாமா, சிப்பிப்பாறையா? (சாத்தூர்)

இந்த இரண்டில் கோம்பைதான். செவலை நிறம், கருத்த முகவாய், கட்டான உடம்பு. இடத்தைவிட்டு நகராமல் காவல் காக்கும். சிப்பிப்பாறை ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் வளர்த்த நாய். ஓடுகிற ஆட்டுக்குட்டியைப் பார்த்தால் அதற்குக் கால் நிற்காது.

ஆனால் கோம்பை வாங்கி வாசலில் கட்டிப்போட்டால் அது வீட்டைத்தான் காக்கும், பட்டியைக் காக்காது. எட்டு வாரக் குட்டியாக வாங்கி நேராகப் பட்டிக்குக் கொண்டுபோங்கள். ஒரு மூலையில் மூங்கில் தட்டி வைத்து அடைத்து, ஆடுகள் மோந்து பார்க்கும்படி விடுங்கள். சோறும் தண்ணீரும் அங்கேயே. பதினான்கு வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் தன் கூட்டமாக நினைக்கும். அதனால் வீட்டுப் பிள்ளைகள் தூக்கிவைத்துக் கொஞ்ச வேண்டாம். மனிதரிடம் பயம் வராத அளவுக்கு நீங்கள் தினமும் தொட்டுப் பழக்கினால் போதும்.

ஐந்தாறு மாதத்தில் ஒரு சிக்கல் வரும். விளையாட்டாக ஆட்டுக்குட்டியின் காதைக் கடிக்கும், துரத்தும். அப்போதே அதட்டி நிறுத்த வேண்டும். ஆள் பார்வை இல்லாதபோது தடுப்புக்குள் இருக்கட்டும். முழு நம்பிக்கையோடு விட ஒன்றரை, இரண்டு வயதாவது ஆகும். அதுவரை பட்டி வேலியைத் தளரவிடாதீர்கள். அப்புறம், தெருநாய்க் கூட்டத்தை ஒற்றை நாய் சமாளிக்காது. முடிந்தால் ஆணும் பெண்ணுமாக இரண்டு வையுங்கள், இனப்பெருக்கம் வேண்டாமென்றால் கருத்தடை செய்துவிடுங்கள்.

பார்டர் காலி நாய் விசிலுக்கு ஆடுகளை ஓட்டி வருவதை வீடியோவில் பார்த்தேன். எங்களுக்கும் சரிவருமா அண்ணே? (புதுக்கோட்டை)

வராது தம்பி. அது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து மேய்ச்சல் நாய். கண்ணால் முறைத்தே ஆட்டை நகர்த்தும். காவலுக்கு வைத்த இனம் அல்ல. அங்கே வேலி போட்ட பரந்த புல்வெளியில், பயிற்சி தந்த மேய்ப்பன் ஒருவன் சொல்லச் சொல்ல வேலை செய்கிறது. இங்கே ஆட்டுக்காரர் கூடவே நடக்கிறார், அவர் குரலுக்கே மந்தை திரும்புகிறது. உங்களுக்குத் தேவை இரவுக் காவல். வேலை கிடைக்காத பார்டர் காலி கோழியையும் மோட்டார் சைக்கிளையும் ஓட்டப் பார்க்கும். அடர்ந்த முடியோடு நம் வெயிலில் வாடவும் வாடும்.

ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. தேங்காய்த் திருட்டு. ராஜபாளையம் எப்படி? (பொள்ளாச்சி)

நல்ல தேர்வு. உயரம், கம்பீரம், அந்நியரை அண்டவிடாத குணம் எல்லாம் உண்டு. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலையில் போட்ட இந்திய நாய்களில் இதுவும் ஒன்று. ஆனால் தபால்தலையைப் பார்த்து நாய் வாங்கக் கூடாது, குட்டியின் காதைப் பார்த்து வாங்க வேண்டும். தூய வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு அடிக்கடி வருகிறது. மற்ற குட்டிகளிலிருந்து பிரித்து, அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காற்றோ நிழலோ அதன்மேல் படக் கூடாது. திரும்பாவிட்டால் அந்தக் குட்டி காவலுக்கு உதவாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால், சத்தம் வந்த திசையைச் சரியாகப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள்.

பகலில் ஆள் நடமாட்டம் இருந்தால் கொட்டகையில் வைத்து ராத்திரியில் அவிழ்த்துவிடுங்கள். தேங்காய் வெட்ட வருகிறவர்களைக் குட்டியிலேயே பழக்கிவிடுவது நல்லது.

மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி, மயில். கன்னி இன வேட்டை நாய் விரட்டுமா? (கோவில்பட்டி)

விரட்டும், பிடித்தும் விடும், அதுதான் ஆபத்து. மயில் 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உங்கள் நாய் கடித்தாலும் வழக்கு உங்கள் தலையில்தான். பன்றியிடம் போனால் கொம்புப் பல்லில் வயிறு கிழிந்து திரும்பும். இதற்கு வேலிதான்.

அக்காவின் பட்டியில் ஒரு செம்மறி தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. நாயால் வந்தது என்கிறார்கள். உண்மையா? (சிவகங்கை)

இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், சுற்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

நாயின் குடலில் இருக்கும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை, மலத்தோடு புல்லில் விழுகிறது. அதை மேய்ந்த ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளர்கிறது. ஆடு சுற்றுவது அதனால்தான். அந்த ஆட்டை அறுத்து, தலையை நாய்க்குப் போட்டால் கட்டியிலிருந்து நாய்க்கு மறுபடி புழு. திருவிழா வெட்டுக்குப் பிறகு இது அதிகம் நடக்கிறது. இன்னொரு நாடாப்புழு ஈரல், நுரையீரலில் கட்டி வைக்கும். அது மனிதருக்கும் வரும்.

எனவே பச்சைத் தலை, ஈரல், நுரையீரல் எதையும் நாய்க்குப் போடாதீர்கள், ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டல் கலந்த குடற்புழு மருந்தை நாயின் எடைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். பட்டிக்கு எந்த இன நாய் வைத்தாலும் இது கட்டாயம்.

சிப்பிப்பாறை வளர்க்க ஆசை, வீட்டில் நாட்டுக்கோழியும் இருக்கிறது. (ஓட்டப்பிடாரம்)

கோழியை அடைத்து வையுங்கள், இல்லை ஆசையை அடக்குங்கள். குட்டியிலிருந்து பழக்கினாலும், சிறகடித்து ஓடும் கோழியைக் கண்டால் எந்த நாளும் தவறலாம்.

ஜாதி நாய் வாங்க வசதியில்லை. ஊர் நாய்க்குட்டி போதுமா ஐயா? (மானாமதுரை)

தாராளமாகப் போதும். பட்டிக்காரர்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். தாய் நாய் ஆடுகளுக்கு நடுவே படுத்துப் பழகியதா, கோழியைத் துரத்துகிறதா என்று பாருங்கள். தாயின் குணம் குட்டிக்குப் பாதி வந்துவிடும். மேலே சொன்ன மாதிரியே பட்டியில் வளர்த்து, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் போடுங்கள். தொற்று வயிற்றுப்போக்குக்கான ஊசி அதற்கு முன்பே, ஆறு எட்டு வாரத்தில் தொடங்க வேண்டும். வயலில் எலி மருந்து வைக்கிற நாட்களில் மட்டும் நாயைக் கட்டி வையுங்கள். செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து.