பைக்குள் இருக்கும் இ-பாஸ்போர்ட்டை வெளியிலிருந்து படிக்க முடியுமா?

கேள்வி: எனக்குப் புதிதாக இ-பாஸ்போர்ட் வந்திருக்கிறது. கூட்டத்தில் யாராவது கருவியோடு உரசிக்கொண்டு நின்றால், என் விவரங்களை எடுத்துவிடுவார்களா? உலோக உறை வாங்க வேண்டுமா?

பதில்: பயப்பட வேண்டாம். இ-பாஸ்போர்ட்டுக்குள் உங்கள் விவரங்களைச் சேமித்திருக்கும் ஒரு சின்ன சிப் பதிந்திருக்கும். அதற்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. ரீடர், அதாவது சிப்பைப் படிக்கும் கருவி, சில சென்டிமீட்டர் தூரத்துக்கு நெருங்கி வந்தால்தான், அதன் அலையிலிருந்து மின்சாரம் பெற்று விழித்துக்கொள்ளும். விழித்தாலும் வாய் திறக்காது. முதலில் சாவி கேட்கும்.

அந்தச் சாவி உங்கள் புகைப்படம் உள்ள பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தின் அடியில் 44 எழுத்துகள் வீதம் இரண்டு வரிகள் தெரியும். இரண்டாம் வரியில் உள்ள பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஆகிய மூன்றிலிருந்துதான் சாவி உருவாகிறது. குடியேற்ற அதிகாரி பக்கத்தை விரித்து ரீடரில் வைப்பது அதற்காகத்தான். பாஸ்போர்ட் மூடியிருந்தால் திருடனிடம் சாவி இல்லை.

உள்ளே இருப்பவை அச்சிட்ட அதே விவரங்களும் உங்கள் முகப்படமும். சில நாடுகள் கைரேகையையும் சேர்க்கின்றன. அதற்குப் பொதுவாகத் தனிப் பூட்டு உண்டு. எல்லாவற்றின்மீதும் பாஸ்போர்ட் வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சரிபார்ப்பில் அது பிடிபட்டுவிடும். இந்தக் கையொப்பங்களைச் சரிபார்க்க உதவும் சான்றிதழ்களை நாடுகள் பகிர்ந்துகொள்ள, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2007 முதல் ஒரு பொதுத் தொகுப்பை நடத்திவருகிறது.

என் கவலையெல்லாம் வேறு. உறை வாங்கப் பணம் செலவழிப்பவர்களே, புகைப்படம் உள்ள அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை ஊரெல்லாம் கொடுப்பதற்குச் சமம் அது. சொல்லப்போனால், அந்தப் படம் கையில் கிடைத்தவனுக்குச் சிப்பே தேவையில்லை. உங்கள் பெயரில் மோசடி செய்ய அதுவே போதும். அடியில் உள்ள இரண்டு வரிகளை மட்டும் மறைப்பதிலும் பயனில்லை, ஏனென்றால் அதே மூன்று விவரங்களும் மேலே தெளிவாக அச்சாகியிருக்கின்றன. கட்டாயம் கொடுக்க வேண்டியிருந்தால், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

உலோக உறை ரேடியோ அலையைத் தடுக்கும் என்பது உண்மைதான். இருந்தால் இருக்கட்டும், அவசியமில்லை. அதைவிட, பாஸ்போர்ட்டை வளைக்காமல், ஸ்டேப்ளர் பின் அடிக்காமல், நனையாமல் வைத்திருங்கள். சிப் பழுதானாலும் பாஸ்போர்ட் பொதுவாகச் செல்லும். ஆனால் விமான நிலையத்தில் சிப்பைப் படித்துத் திறக்கும் தானியங்கி வாயில் திறக்காது, அதிகாரியிடம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.