சில்வர் பிலிம் ஒட்டினா போன் சிக்னல் ஏன் படுக்குது?

கொழும்பு வெள்ளவத்தையில கடல் பக்கம் பார்த்த ஃப்ளாட்ல இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பின்னேர வெயில் தாங்கேலாம எல்லா யன்னலுக்கும் பல்கனி ஸ்லைடிங் டோருக்கும் சில்வர் கலர் சன் பிலிம் ஒட்டினாராம், கரண்ட் பில் குறைஞ்சது உண்மைதானாம், ஆனா அதுக்குப் பிறகு ஹோலுக்குள்ள கோல் கட் ஆகுது, 4ஜி ரவுட்டரும் இழுக்குது, ஒட்டின கடையில கேட்டா "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, டவர் பிரச்சினை" எண்டுட்டாங்களாம். வாசல்ல நிக்கிற ட்ரான்ஸ்போமரிட காந்தப்புலத்தையும் இது மறிக்குமோ எண்டு அம்மாவுக்கும் ஒரு கேள்வி.

சம்பந்தம் இருக்கு தம்பி, நல்லாவே இருக்கு.

அந்த பிலிமுக்குள்ள ரெண்டு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு நடுவில அலுமினியமோ வெள்ளியோ 10 நனோமீற்றர் அளவில பூசியிருக்கும். ஸ்கின் டெப்த் (மெட்டலுக்குள்ள அலை எவ்வளவு ஆழம் போய் மங்கும் எண்ட அளவு) படிச்ச ஆக்கள் உடன சண்டைக்கு வருவினம், 1 கிகாஹேர்ட்ஸ்ல வெள்ளிக்கு அது 2 மைக்ரோமீற்றர், அதில 200ல ஒரு பங்கு தடிப்புள்ள படலம் எப்பிடி அலையை மறிக்கும் எண்டு. இங்க நடக்கிறது உறிஞ்சல் இல்ல, தெறிப்பு. வெளியில அலை வாற வெட்டவெளிக்கு 377 ஓம் இம்பிடன்ஸ் (அலைக்குக் காட்டுற ஒரு மாதிரி தடை), இந்தப் படலத்தில ஒரு சதுரத் துண்டுக்கு 5 ஓம் தடை எண்டு வையுங்கோ, அந்த வித்தியாசத்திலயே அலை வந்த வழிக்குத் திரும்பிடும், கணக்குப் பார்த்தா 32 டெசிபெல் இழப்பு, அதாவது ஆயிரத்தில ஒரு பங்கு பவர் கூட உள்ள வராது. வெக்கையைத் திருப்பி அனுப்புற அதே எலக்ட்ரோன்கள்தான் டவர் சிக்னலையும் திருப்பி அனுப்புது.

கொங்கிரீட் சுவர் ஏற்கனவே பெரும்பகுதியை முழுங்கும், மிச்சம் வந்து கொண்டிருந்தது யன்னலாலதான், அதையும் நீங்க மூடிட்டீங்க.

முதல்ல அளந்து பாருங்கோ. அண்ட்ரொய்ட் எண்டா செட்டிங்ஸ்ல அபவுட் போன், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ்ல சிக்னல் பலத்தைச் சொல்லுற டிபிஎம் இலக்கம் காட்டும், மைனஸ் கூடக் கூட சிக்னல் குறைவு. ஸ்லைடிங் டோரைத் திறந்து வச்சு ஒருக்கா, மூடி ஒருக்கா, ஒரே இடத்தில நிண்டு பாருங்கோ. மைனஸ் 90ல இருந்து மைனஸ் 110க்குப் போனா குற்றவாளி பிலிம்தான். மல்டிமீற்றர் வச்சு பிலிமைத் தொட்டுப் பார்க்கிறதால ஒரு பிரயோசனமும் இல்ல, மெட்டல் உள்ளுக்க இருக்கு, மேல பிளாஸ்டிக்.

எல்லாத்தையும் உரிக்கத் தேவையில்ல. வெயில் குறைவா விழுற வடக்குப் பக்க கண்ணாடி ஒண்டில மட்டும் எடுத்துப் பாருங்கோ. 900 மெகாஹேர்ட்ஸ்ல அலைநீளம் 33 சென்ரிமீற்றர், அதால சின்ன ஓட்டை சரிவராது, ஒரு முழுக் கண்ணாடியா எடுங்கோ, ரவுட்டரை அதுக்குப் பக்கத்தில வையுங்கோ. நெட்வேர்க் குடுத்தா வைஃபை கோலிங்கையும் ஒன் பண்ணுங்கோ. சிக்னல் பூஸ்டர் வாங்கிப் பூட்டுற யோசனை இருந்தா விடுங்கோ, டீஆர்சி (தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு) அனுமதி இல்லாம அது சட்டச் சிக்கல்.

மாத்துறதெண்டா நனோ செராமிக் பிலிம் கேளுங்கோ, அதில நுண்ணிய செராமிக் துணிக்கைகள் தனித்தனியா கிடக்கும், கரண்ட் ஓட வழியில்ல, ரேடியோ அலை போயிடும். இல்லாட்டி 3எம் கிறிஸ்டலின் மாதிரி 200க்கு மேல பிளாஸ்டிக் படலம் அடுக்கினது, ஒவ்வொரு படலமும் இன்ஃப்ராரெட் அலைநீளத்தில கிட்டத்தட்ட கால்வாசி தடிப்பு, தெறிப்பெல்லாம் ஒண்டோட ஒண்டு கூடி வெக்கையைத் திருப்பும், மெட்டலே கிடையாது. விலை குத்தும்தான். செராமிக் எண்டு பேர் போட்டதிலயும் மெட்டல் கலந்தது இருக்கு, அதால ஒரு துண்டு சாம்பிள் வாங்கி போனை ரெண்டு சுத்து இறுக்கிச் சுத்தி டிபிஎம் விழுதா எண்டு கடையிலயே பாருங்கோ.

சுவிட்சர்லாந்து ரயில் கண்ணாடியில லேசரால மெல்லிசாக் கோடு கீறி மெட்டலைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டி விடுறாங்கள், வெக்கையும் நிக்கும், போனும் வேலை செய்யும், அருமையான வேலை. அதைப் பார்த்திட்டு நீங்க பிளேட் தூக்க வேண்டாம், கடல் காத்தில கீறின ஓரமெல்லாம் உப்புப் பட்டு அரிச்சுக் கறுத்துப் போயிடும்.

அம்மாவிட கேள்விக்கு: மறிக்காது. 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அலுமினியப் படலம் இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான், அதை வளைச்சு விட நிக்கலும் இரும்பும் கலந்த பேர்மலோய் தகடு நல்ல தடிப்பா வேணும். ட்ரான்ஸ்போமரில இருந்து சில மீற்றர் தள்ளினாலே புலம் கடகடவெண்டு குறைஞ்சிடும், அதை மறிக்கிற ஸ்டிக்கர் எண்டு ஆராவது கொண்டு வந்தா வாசலோட அனுப்பச் சொல்லுங்கோ.