காரைத் தாழ்த்தாமல், டயரைத் தேய்க்காமல்: பெங்களூர் நண்பர்களின் சஸ்பென்ஷன் கேள்விகள்

கேள்வி (எச்.எஸ்.ஆர். லேஅவுட்): அண்ணா, ஏழு வருட ஹேட்ச்பேக், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சேலம் போகும்போது தொப்பூர் வளைவுகளில் படகு மாதிரி சாய்கிறது. லோயரிங் ஸ்பிரிங் போடலாம் என்றால் எங்கள் தெரு ஹம்புகளை நினைத்தாலே பயம்.

பதில்: ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். காரைத் தாழ்த்தினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) இரண்டும் மாறும், டயரின் உள் விளிம்பு போகும், ஹம்பில் அடியும் படும். உங்கள் கார் ஏழு வருடத்துக்கு முன்னால் இப்படியா சாய்ந்தது? இல்லையென்றால் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம், தேய்ந்ததை மாற்றினாலே போதும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். டயர் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் போயிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றினால் ஜோடியாகத்தான், இடது வலது இரண்டும்.

அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர். இதில் பலர் கோட்டை விடுவார்கள். கார் ஜாக்கில் தொங்கும்போதே புஷ் போல்ட்டைக் கடைசி வரை முறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இப்படித்தான் செய்தார்கள், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

கேள்வி (ராமமூர்த்தி நகர்): ஷாக், புஷ் எல்லாம் புதுசு சார். இன்னும் கொஞ்சம் சாய்வு குறைய வேண்டும். ஆன்டி ரோல் பார் போட்டால் உயரம் குறையுமா?

பதில்: குறையாது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி அது. இரண்டும் ஒன்றாக ஹம்பில் ஏறினால் சும்மா இருக்கும், ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால்தான் எதிர்க்கும். வீல் அலைன்மென்ட்டையும் அது மாற்றாது. ஆனால் ஒற்றைச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அடுத்த சக்கரத்தையும் கொஞ்சம் உலுக்கும், நம் ஊர் ரோட்டில் அது தெரியும்.

முன்சக்கர இழுவை காரில் முன்பக்கம் மட்டும் தடித்த பார் போட்டால் வளைவில் மூக்கு இன்னும் வெளியேதான் ஓடும். பின்பக்கம் போட்டால் அது குறையும், அளவு மீறினால் மழையில் வால் வழுக்கும். நம் ஹேட்ச்பேக் பலவற்றில் பின்னால் டார்ஷன் பீம்தான் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் குறுக்குச் சட்டம்), அந்த பீமே பாதி ஆன்டி ரோல் பார் வேலையைச் செய்கிறது. அதனால் உங்கள் மாடலுக்கென்றே செய்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். வெல்டிங் வைத்து ஒட்டுவது வேண்டவே வேண்டாம்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டி): நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) வைத்தால் டயர் தேயும் என்கிறார்களே?

பதில்: தேயும், ஆனால் பெரிய திருடன் டோ. டோ தப்பாக இருந்தால் நேர் ரோட்டில்கூட டயர் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். கம்பெனி சொன்ன வரம்புக்குள் வையுங்கள், பிரின்ட் அவுட் கேட்டு வாங்குங்கள். முன்னே ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே தூண்) உள்ள பல கார்களில் டோ மட்டும்தான் திருத்த முடியும், "கேம்பரும் செட் பண்ணிட்டேன்" என்று சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

கேள்வி (கே.ஆர். புரம்): காற்று 40 பிஎஸ்ஐ வைத்தால் ஸ்டீயரிங் கூர்மையாகுமாமே?

பதில்: கை அப்படிச் சொல்லும், டயரின் நடுப்பகுதி வேறு சொல்லும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். ஆள் நிறைந்து போகும் நாளுக்குத் தனி அளவு இருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும்.

கேள்வி (ஹலசூரு): காயில் ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் பஃபர்?

பதில்: வேண்டாம். ஸ்பிரிங் விறைக்கும், அதற்கேற்ற ஷாக் உங்களிடம் இல்லை, துள்ளும்.

எச்.எஸ்.ஆர். நண்பர் மறுபடியும்: அண்ணா, காரைத் தூக்கிப் பார்த்தோம். முன் ஷாக் இரண்டிலும் கசிவு, ஒரு லிங்க் ராட் (ஆன்டி ரோல் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி) கையாலேயே ஆடுகிறது!

பதில்: ஹம்பில் டக் டக் என்று சத்தம் வந்திருக்குமே, சொல்லவே இல்லை. லிங்க் ராட் இரண்டையும் மாற்றுங்கள், ஷாக் மாற்றியதும் அலைன்மென்ட் பார்க்காமல் சேலம் கிளம்பாதீர்கள்.